பிரிந்தோரின் கணக்கு

மணமுறிவைப் பற்றிக் குடும்ப இதழில் எழுதலாமா எனச் சிலர் நம்மைக் கடிந்துகொள்ளக் கூடும். ஆயினும் எழுத வேண்டியிருக்கிறது. கணவரைப் பிரிந்து வாழும் சகோதரி ஒருவர் மாலைத் திருப்பலிக்குப் பின் நம்மிடம் வந்தார். “சாமி, கோர்ட்டுக்குப் போனால் நான் நன்மை வாங்கக் கூடாதா?” என்றார். அவர் இசைவுடனேயே இதை எழுதுகிறோம்.

திருமணப் பிணைப்பு அழியாதது என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும், பிள்ளைகளின் பராமரிப்பையும் சொத்துரிமையையும் காக்க அரசு வழங்கும் மணமுறிவைத் தவிர வேறு வழியில்லையெனில், அதனைப் பொறுத்துக்கொள்ளலாம், அது பாவமாகாது என்று 1992-ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2383-ஆம் எண்ணில் உரைக்கிறது. மறுமணம் புரியாத அவர் இதன் பொருட்டு நன்மை வாங்காதிருக்க வேண்டியதில்லை.

அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. தம்பி மகன் எக்செல் மென்பொருளில் போட்டுக் கொடுத்த கணக்கு. வருவாய், வாடகை, பள்ளிக் கட்டணம், வீட்டுக்கடன் தவணை யாவும் ஒழுங்காக இருந்தன. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 4-11-2020 அன்று அளித்த தீர்ப்பின்படி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பாரும் வருவாய், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் தெரிவித்தாக வேண்டும். முன்னரே தொகுத்து வைத்தவருக்கு அலைச்சலும் செலவும் குறையும்.

ஆனால் கடைசி வரியில் பிழை. யாவற்றையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தது. கோவா போன்ற பகுதிகள் நீங்கலாக, தம்பதியர் சொத்தைச் சரிபாதியாக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2020-இல் வந்த ‘அமிகா’ என்னும் மென்பொருள் பங்கீட்டைப் பரிந்துரைக்குமாறு அமைக்கப்பட்டது. அது அந்நாட்டுச் சட்டத்தின்மேல் நிற்பது.

இங்கே வீடு கணவர் பெயரில். தவணையோ ஒன்பதாண்டுகள் இவருடைய தையல் கூலியிலிருந்து சென்றது. பெயரை மட்டும் கேட்கும் கட்டத்தில் இவருக்கு ஒன்றுமில்லை. வழக்கில் எடுத்துக்காட்டக்கூடிய சான்று வங்கிப் பாஸ்புத்தகத்தில் இருக்கிறது. பெற்றோர் இவருக்கெனப் பூட்டிய 14 சவரனையும் பொதுக் கணக்கில் சேர்த்திருந்தான் அப்பிள்ளை! குருமடத்தில் கணக்கு நமக்கு எட்டாத பாடந்தான். ஆயினும் அவ்வரியை நாமே அடித்தோம்.

1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி, பெண்கள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். அதன் அலுவலகம் மாவட்ட நீதிமன்றத்தில் உண்டு. திங்களன்று சகோதரி அங்கே சென்றார். இரண்டு பழைய பாஸ்புத்தகங்கள் மட்டும் அகப்படவில்லை. வங்கியில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்.