வறட்சியும் தேயிலையின் சாரமும்

நீலகிரியில் சனவரி முதல் மார்ச்சு வரை மழை அருகிவிடும். அம்மாதங்களில் கொழுந்து குறைவதைக் கண்டு வருந்தும் அங்கத்தினர் சிலர், "இலை குறைந்தாலும் சாரம் ஏறியிருக்கும்" என்று தம்மைத் தேற்றிக்கொள்வர். இக்கூற்றில் பாதி உண்மையே உண்டென்பது நமது அபிப்பிராயம்.

தேநீருக்கு ஊக்கந் தருவது காபீன். தேயிலைச் செடி இதனைப் பெரும்பாலும் தன் மொட்டிலும் இளங்கொழுந்திலுமே உண்டாக்குகிறது. உலர்ந்த கொழுந்தின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு இதுவாகும். காபீன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் 4 நைட்ரஜன் அணுக்கள் உள. ஆகவே தழைச்சத்தின்றிக் காபீன் இல்லை. மண்ணில் ஈரமின்றேல் வேர் தழைச்சத்தைப் பெறுதலும் அரிது.

சீனாவின் யுன்னான் மாநிலத்தைப் பற்றி 2014-ல் வெளியான ஆய்வொன்று, வசந்தகால வறட்சியிற் பறித்த இலையைவிட, பெருமழை தொடங்கியபின் பறித்த இலையில் காபீனும் வேறு சில சாரப்பொருள்களும் குறைந்திருந்ததைக் காட்டிற்று. மெல்ல வளரும் இலையிற் சாரம் திரளும். மழையில் விரைந்து பெருகும் இலையில் அது நீர்த்துப்போகும். ஆயினும், நீரை அடியோடு நிறுத்திச் செய்த சோதனைகளில், செடி வாட வாடக் காபீன் குறைந்ததையும் கண்டுள்ளனர். இலேசான வறட்சி வேறு. கடும் வறட்சி வேறு. அன்றியும், கிலோவுக்குச் சாரம் கால்பங்கு ஏறினும், பறிக்கும் இலை பாதியாகுமாயின் தோட்டத்தின் மொத்தச் சாரம் நட்டமே.

இதினும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. எடையை நிரப்பும் பொருட்டு முற்றிய இலையையும் கத்தரியால் அறுத்துச் சேர்ப்பதே அது. முற்றிய இலையிற் காபீன் குறைவு. கூட்டுறவு ஆலையிலோ எல்லார் இலையும் ஒன்றாகவே வாட்டி உருட்டப்படுகிறது. பாவில் கலந்த சில மட்ட இழைகள் முழுச் சேலையின் விலையையும் இறக்கிவிடுவதை நெசவாள அங்கத்தினர்கள் நன்கறிவர். ஒருவர் சேர்க்கும் முற்றிய இலையும் அத்தகையதே.

எனவே, கோடையில் இரு இலையும் மொட்டுமாகக் கொணர்வோருக்குச் சங்கங்கள் கூடுதல் விலை அளித்தல் வேண்டும். எடைக்கு மட்டுமே பணம் கொடுத்துவிட்டுத் தரத்தை எதிர்பார்த்தல் நியாயமன்று. அங்கத்தினரும் தம் கடமையைச் செய்க: கவாத்துக் கழிவை விறகாக்காமல் செடியடியில் மூடாக்காக இடுக, நிழல் மரங்களை வெட்டாது காக்க, புதிதாக நடுவோர் உபாசி-9 போன்ற வறட்சி தாங்கும் வகையை நாடுக. இவற்றிற்கான கடனைச் சங்கம் கோடை வந்தபின் அன்று, மழைக்காலத்திலேயே வழங்குதல் வேண்டும். ஈரம் மண்ணில் உள்ளபோதே அதனைக் காக்க இயலும்.