மனை விற்று மனிதரை மீட்ட ஊர்!

ஊர் எப்படிப் பிறக்கிறது? ஆறு ஓடும், கரையோரம் நாலு குடிசை எழும், கழனி விரியும், சந்தை கூடும், ஊர் பிறந்துவிடும். கோட்டை கட்டிய மன்னனால் பிறந்த ஊர் உண்டு. கடை விரித்த வணிகனால் பிறந்த ஊரும் உண்டு. ஆனால், அடிமைத் தளையிலே கிடந்த பெற்ற பிள்ளைகளை விலை கொடுத்து மீட்கப் பணம் வேண்டுமே என்பதற்காகப் பிறந்த ஊர் உண்டா?

உண்டு, தோழர்களே, உண்டு!

அமெரிக்க நாட்டின் நடுமேற்குப் பகுதியிலே, இல்லினாய் மாநிலத்திலே, மிசிசிப்பி ஆற்றுக்கும் இல்லினாய் ஆற்றுக்கும் இடையே அமைந்தது பைக் மாவட்டம். உழவே உயிராகக் கொண்ட சீமை. அங்கே 1836ஆம் ஆண்டு ஒரு சிற்றூர் எழுந்தது. பெயர், நியூ ஃபிலடெல்ஃபியா. ஃபிலடெல்ஃபியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு உடன்பிறந்தார் அன்பு என்று பொருள். அந்த ஊரின் மக்கள்தொகை உச்சத்தைத் தொட்டது 1865இல். எத்தனை ஆயிரம் என்று கேட்காதீர்கள். ஏறத்தாழ 160 பேர், 29 குடும்பங்கள், அவ்வளவுதான். இன்று அந்தக் கணக்கும் இல்லை; ஊர் இருந்த இடம் புல்வெளி.

“இவ்வளவு சிறிய ஊரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?” என்று கேட்கலாம். தலைகளை மட்டும் எண்ணுவோருக்கு ஒன்றும் இல்லைதான். தளைகளை எண்ணுவோருக்கோ, அந்த ஊர் ஒரு பெருங்காவியம்!

ஊரை நிறுவியவர் ஃபிராங்க் மக்வொர்ட்டர். 1777இல் தென் கரோலினாவிலே அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்தவர். தாய், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவள். ஆண்டை கென்டக்கி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தபோது, மாட்டையும் மண்வெட்டியையும் கொண்டு சென்றதுபோலவே இளைஞர் ஃபிராங்கையும் கொண்டுசென்றான். அங்கே காடு திருத்தினார், கழனி கண்டார், விளைச்சல் ஆண்டைக்கு, வியர்வை இவருக்கு! ஆண்டையின் வேலை போக எஞ்சிய நேரத்திலே, வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பை எடுத்துக் காய்ச்சி விற்றார். 1812இல் பிரிட்டனோடு போர் மூண்டது. வெடியுப்புக்கு விலை ஏறிற்று. காசு சேர்ந்தது.

சேர்ந்த காசிலே முதலில் யாரை மீட்டார்? தன்னையா? இல்லை. 1817இல் மனைவி லூசியை மீட்டார். விலை 800 டாலர். அவள் அப்போது கருவுற்றிருந்தாள். தாய் அடிமையானால் பிறக்கும் பிள்ளையும் அடிமை என்பது அந்நாட்டுச் சட்டம். தாயை மீட்டால், இனிப் பிறக்கும் பிள்ளைகள் தளையின்றிப் பிறப்பர். படிப்பறிவு மறுக்கப்பட்ட அந்த மனிதர், சட்டத்தின் கொடுமையைச் சட்டத்தின் வாயிலாகவே வென்ற நுட்பத்தைப் பாருங்கள்! அதன் பிறகு, 1819இல் இன்னொரு 800 டாலர் கொடுத்துத் தன்னையே தான் வாங்கிக்கொண்டார்.

800 டாலர் என்றால் எவ்வளவு? அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, அமெரிக்க அரசு தன் நிலத்துக்கு வைத்த அடிப்படை விலை ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 640 ஏக்கர், ஒரு சதுர மைல்! மண் ஒரு சதுர மைல் வாங்கும் பணத்தைக் கொட்டிக் கொடுத்தால்தான், அந்த மண்ணை உழுபவன் மனிதன் என்று ஒப்புக்கொள்வார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் நாகரிகம்!

கென்டக்கியிலிருந்து 1830இல் புறப்பட்டு, பைக் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார் ஃபிராங்க். பிள்ளைகள் சிலர் இன்னும் அடிமைகளாகக் கென்டக்கியிலே. இல்லினாய் அடிமை முறை இல்லாத மாநிலம். ஆனால் சமநீதி இருந்த மாநிலம் அன்று. விடுதலை பெற்ற கறுப்பர் உள்ளே வரவேண்டுமானால் 1,000 டாலருக்குப் பிணை கேட்டது 1829ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல உரிமையில்லை. வாக்குரிமை இல்லவே இல்லை. மேற்கே ஏறத்தாழ 25 மைல் தொலைவிலே, மிசிசிப்பியின் மறுகரையிலே, அடிமை முறை கோலோச்சிய மிசூரி மாநிலத்தின் ஹானிபல் நகர். விடுதலை பெற்றவரையும் பிடித்துச்சென்று விற்கும் கயவர்கள் உலவிய காலம்.

அந்தச் சூழலிலே, 42 ஏக்கர் நிலத்தை அளந்து, தெருக்கள் வகுத்து, 144 மனைகளாகப் பிரித்து, வரைபடம் எழுதி, அரசுப் பதிவேட்டிலே முறைப்படி பதிவு செய்தார் ஃபிராங்க். உள்நாட்டுப் போருக்கு முன்பு, ஒரு கறுப்பர் தாமே திட்டமிட்டு இவ்வாறு பதிவு செய்தவற்றுள், வரலாற்றாசிரியர் அறிந்த முதல் ஊர் இதுவே. மனைகள் விலைபோயின, வந்த பணம் பிள்ளைகளின் விலங்கை உடைத்தது. ஒவ்வொரு மனையும் ஒரு மனிதனின் விடுதலைக்கு அடிக்கல்!

1837இல் அவர் மக்வொர்ட்டர் என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளவும், வழக்குத் தொடுக்கவும், சொத்து வாங்கி விற்கவும் இல்லினாய் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றிற்று. தமக்கொரு பெயர் வேண்டும் என்பதற்குக்கூடச் சட்டமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது! ஆபிரகாம் லிங்கன் அந்தச் சட்டமன்றத்தில் இளம் உறுப்பினராக இருந்த காலம் அது.

“விலை கொடுத்து மீட்டது, மனிதனுக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகாதா?” என்று வாதிடுவோர் உண்டு. வீடு பற்றி எரிகிறது. மாடியிலே பிள்ளை அலறுகிறது. தீ வைத்தவனே ஏணிக்கும் வாடகை கேட்கிறான். தகப்பன் என்ன செய்வான்? ஏணி யாருடையது என்று வழக்காடிக்கொண்டா நிற்பான்? வாடகையை விட்டெறிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குவான். வழக்கைப் பிறகு நடத்துவான். 1854இல் ஃபிராங்க் மறைந்தார். அடிமை முறை ஒழிந்தது 1865இல். காத்திருந்தால் கண் மூடும்வரை காத்திருந்திருப்பார்! காத்திருக்கவில்லை. அவருடைய உழைப்பாலும், மறைவுக்குப் பின் அவர் விட்டுச்சென்ற செல்வத்தாலும், அவர் உள்ளிட்டு ஏறத்தாழ 16 பேர் விடுதலை பெற்றனர். செலவு, சுமார் 14,000 டாலர்.

வணங்கத்தக்க வாழ்க்கை. ஆயினும் வணங்கிவிட்டு நகர்ந்துவிடுவது நமக்கு அழகல்ல. 1860ஆம் ஆண்டுக் கணக்கின்படி அமெரிக்காவில் அடிமைகள் ஏறத்தாழ 40 இலட்சம் பேர். 16 எங்கே, 40 இலட்சம் எங்கே? தனி மனிதனின் உழைப்பு தன் குடும்பத்தை மீட்கும். ஓர் இனத்தை மீட்க நாட்டின் சட்டம் மாற வேண்டும். மாறிற்று, இலட்சக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட போருக்குப் பிறகு.

ஊர் என்ன ஆயிற்று? கறுப்பரும் வெள்ளையரும் அங்கே பக்கத்துப் பக்கத்து மனைகளில் குடியிருந்தனர். கொல்லர், தச்சர், காலணி தைப்பவர், வணிகர், உழவர் என்று வாழ்ந்தனர். 1874இல் எழுந்த பள்ளியிலே இரு நிறத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்தனர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்வாய்வாளர் அந்த மண்ணைத் தோண்டினர். கிடைத்த பீங்கான் துண்டுகளிலும் புழங்குபொருள்களிலும் கறுப்பர் வீடு, வெள்ளையர் வீடு என்ற பெரிய வேறுபாடு காணவில்லை. ஒரே வகைத் தட்டில் உண்டவர்கள்! ஆனால், இடுகாடுகள் மட்டும் தனித்தனி. உயிரோடு இருந்தபோது அடுத்தடுத்து வாழ்ந்தவர்களை, செத்த பிறகு பிரித்துக் கிடத்திற்று நிறவெறி. அதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

சட்டம் மாறி நான்கு ஆண்டுகள். 1869இல் புகைவண்டிப் பாதை வந்தது. ஊருக்குள் வரவில்லை! வடக்கே வளைந்து, ஏறத்தாழ ஒரு மைல் ஒதுங்கி, ஊரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. நிலையங்கள் வேறு ஊர்களுக்கு. நிலத்தின் மேடுபள்ளத்தைக் கொண்டு அந்த வளைவை விளக்க முடியாது, இனவெறுப்பே அதற்குள் ஒளிந்திருந்தது என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார் கிறிஸ்டோஃபர் ஃபென்னல் என்ற தொல்லியல் அறிஞர், 2010இல். விளைந்த தானியம் புகைவண்டி நிற்கும் இடத்துக்குப் போயிற்று; தானியத்தின் பின்னே வணிகம் போயிற்று; வணிகத்தின் பின்னே குடிகள் போயினர். 1885இல் ஊரின் பெரும்பகுதி பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டு, மனை மீண்டும் கழனியாயிற்று.

சவுக்கு இல்லை, துப்பாக்கி இல்லை, தடைச்சட்டம் இல்லை. வரைபடத்தின் மேல் ஒரு கோடு; அந்தக் கோட்டிலே ஒரு வளைவு; ஓர் ஊர் மாண்டது!

தோழர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். உழைப்பு ஊரை உண்டாக்கும். சட்டம் அங்கே வாழ்வோரை மனிதராக்கும். இரண்டும் கிடைத்துவிட்டன என்று நாம் கண்ணயர்ந்தால், பாதை போடுகிறவன் கை அந்த ஊரைப் படத்திலிருந்து துடைத்துவிடும். மேடையில் முழங்கப்படும் உரிமையை மட்டும் காத்தால் போதாது. அளவைக்காரன் மேசையில் விரிந்து கிடக்கும் தாளையும் எட்டிப்பார்க்க வேண்டும். எங்கே பள்ளி, எங்கே பாலம், எங்கே நிலையம் என்று முடிவு செய்யும் அறையிலே இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்று கேட்டாக வேண்டும். கேட்காத ஊர் புல் முளைத்த பிறகே நினைக்கப்படும்.

நியூ ஃபிலடெல்ஃபியா நினைக்கப்பட்டது. ஃபிராங்கின் வழித்தோன்றலான வரலாற்றாசிரியர் ஜூலியட் வாக்கர், 1983இல் அவர் வரலாற்றை நூலாக்கினார். 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு அந்த இடத்தைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கிற்று. பெருமைதான். ஆனால், 2022இல் வந்த பெயர்ப்பலகையைவிட, 1869இல் வந்திருக்க வேண்டிய புகைவண்டி பெரிது. மாண்ட ஊருக்கு மாலை சூட்டுவது எளிது. வாழும் ஊருக்கு வழி விடச் செய்வதே அரசியல். அதுவே நம் வேலை!