நாத்திக நண்பருக்கு நாம் சொல்லும் பதில்

சென்ற மாதம் ஞாயிறு தமிழ்த் திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது, செம்பூரில் வசிக்கும் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். "அங்கிள், என்னோடு வேலை பார்க்கிற நண்பன் கடவுளே கிடையாது என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "அப்படிப்பட்டவனோடு சகவாசமே வேண்டாம்" என்று பேச்சை முடித்துவிட்டார். இளைஞர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த இரண்டு ஞாயிறும் அவரை ஆலயத்தில் காணவில்லை.

பெரியவர் சொன்னது சரியான பதில் அல்ல என்பது எனது தாழ்மையான கருத்து. மும்பைத் தமிழருக்கு நாத்திகம் ஒன்றும் புதிதல்ல. நெல்லைச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களோடு சுயமரியாதைக் கருத்துகளும் ரயிலேறி வந்தன. 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய்க்கு வந்து டாக்டர் அம்பேத்கரைச் சந்தித்ததை இன்றும் பெருமையாகச் சொல்பவர்கள் தாராவியில் உண்டு. அவர்களில் ஒருவர் எனது நெருங்கிய நண்பர். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் என்னைவிடப் பத்து ஆண்டு மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் அவரை அழைப்பேன்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் நான் அவரை மடக்கப் பார்த்தேன். "அண்ணாச்சி, ஒரு பெட்டியை முன்னால் உள்ள பெட்டி இழுக்கிறது. அதை அதற்கு முன்னால் உள்ளது இழுக்கிறது. இப்படிப் பெட்டிகளையே கோத்துக்கொண்டு போனால் வண்டி நகருமா? முன்னால் ஓர் எஞ்சின் வேண்டுமல்லவா? அதுதான் கடவுள்" என்றேன். அண்ணாச்சி சிரித்தார். "தம்பி, தினமும் லோக்கலில்தானே வாறீங்க? அதில் எஞ்சின் எங்கே இருக்கு?" என்று கேட்டார். லோக்கல் வண்டியில் தனி எஞ்சின் கிடையாது. பயணிகள் உட்காரும் பெட்டிகளிலேயே சிலவற்றில் மோட்டார் இருக்கிறது. நான் விடவில்லை. "மேலே கம்பியில் கரண்ட் வராவிட்டால் மோட்டார் ஓடுமா?" என்றேன். "ஓடாது. ஆனால் அந்தக் கரண்டை மீட்டர் வைத்து அளக்கலாம். உங்க கடவுளை எந்த மீட்டரில் அளப்பீங்க?" என்றார்.

அன்று எனக்குக் கோபம் வந்தது. பின்னால் யோசித்தபோது ஒன்று புரிந்தது. என் வாதம் வீணானது அல்ல. ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, இவ்வளவும் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு அது கொண்டுபோய் விடுகிறது. அந்தக் கேள்விக்குக் கடவுள் என்பதே பொருத்தமான விடை என்று நான் நம்புகிறேன். ஆனால் அது பாலத்தின் மேல் பாரம் ஏற்றிப் பார்ப்பது போன்ற சோதனை அல்ல. அந்த வாதம் மட்டும் ஒருவரை இயேசுவிடம் கொண்டுவந்து சேர்க்காது. அதை ஒப்புக்கொண்டு பேசுவதுதான் நேர்மை.

நம் முன்னோடிகள் அப்படித்தான் பேசினார்கள். 13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்வினாஸ் கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஐந்து வழிகளை எழுதினார். அவற்றை எழுதும் முன், கடவுள் இல்லை என்பவர்களின் இரண்டு வலுவான வாதங்களை அவரே எடுத்து வைத்தார். உலகில் தீமை இருக்கிறதே என்பது ஒன்று. இயற்கையைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிடலாமே என்பது மற்றொன்று. பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்று 1931-இல் சொன்ன ஜார்ஜ் லெமேத்ர் பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குரு. 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்தக் கருத்தைப் படைப்புக்கு ஆதரவாகச் சுட்டியபோது அவருக்கு அது உவப்பாக இல்லை. தமது அறிவியல் கோட்பாடு சமயக் கேள்விக்கு வெளியே நிற்பது என்பது அவரது நிலை.

இவர்களுக்கு நேர்மாறாக நடந்த ஒன்று நம் மும்பையிலேயே உண்டு. 2012 மார்ச் மாதம் விலே பார்லேயின் இர்லா பகுதியில் உள்ள வேளாங்கண்ணி மாதா ஆலயத்தின் முன், சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. மக்கள் திரண்டார்கள்; அந்த நீரைப் புனிதம் என்று பிடித்துச் சென்றார்கள். இந்தியப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவர் சனல் இடமருகு வந்து பார்த்தார். அந்தச் சங்கம் 1949-இல் நம் சென்னையில் தொடங்கப்பட்டது. பக்கத்துக் கழிவுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டு, தேங்கிய நீர் சுவர் வழியே நுண்புழை ஏற்றத்தால் ஏறிச் சொட்டுகிறது என்று அவர் காட்டினார். மழைக்காலத்தில் மேல்வீட்டுக் குளியலறை நீர் நம் வீட்டுச் சுவரில் இறங்கி, அதற்காகச் சொசைட்டி மீட்டிங்கில் சண்டை போடும் நமக்கு இது புரியாத விஷயமா?

திருச்சபை அதை அற்புதம் என்று அறிவிக்கவில்லை. ஆனால் தொலைக்காட்சி விவாதத்தில் இடமருகு திருச்சபையைக் கடுமையாகப் பேசியதும், நம்மவர்கள் சிலர் காவல் நிலையத்துக்குப் போய், மத உணர்வைப் புண்படுத்தியதாக இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ பிரிவின் கீழ்ப் புகார் கொடுத்தார்கள். அவர் அந்த ஆண்டே பின்லாந்து போய்விட்டார். 1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடித்தார் என்றபோதும், 2006 ஆகஸ்டில் மாகிம் கடல்நீர் இனிக்கிறது என்றபோதும் அறிவியல் பேசியவர்கள் நாம். நம் சிலையில் சொட்டியபோது மட்டும் விளக்கம் சொன்னவர் மேல் வழக்கா?

லூர்து நகரில் 1883 முதல் மருத்துவக் குழு ஒன்று, குணமானதாகச் சொல்பவர்களைச் சோதித்து வருகிறது. 7,000-க்கும் மேற்பட்டோர் தங்கள் குணத்தைப் பதிவு செய்தும், திருச்சபை அற்புதமாக ஏற்றவை சுமார் 70 மட்டுமே. நம் திருச்சபையே இவ்வளவு சந்தேகப்பட்டுப் பார்க்கும்போது, நாத்திகர் சந்தேகப்பட்டால் நாம் ஏன் பதற வேண்டும்?

எல்லாக் கேள்விக்கும் நம்மிடம் பதில் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 2006 ஜூலை 11 மாலை, மேற்கு ரயில்வே லோக்கல்களில் ஏழு குண்டுகள் வெடித்தன. மாட்டுங்கா ரோடு நிலையமும் அந்த இடங்களில் ஒன்று. 180-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில நாள் கழித்து அண்ணாச்சி என்னிடம், "தம்பி, அன்றைக்கு உங்க கடவுள் எங்கே போயிருந்தார்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அவர் குரல் தழுதழுத்தது. "எனக்குத் தெரியவில்லை அண்ணாச்சி. சிலுவையில் தொங்கிய ஒருவரைத்தான் நான் கும்பிடுகிறேன். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை" என்றேன். அவர் வாதிடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் என் பதிலை மதித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆண்டவர் உயிர்த்தெழுந்தார் என்று மற்றவர்கள் சொன்னபோது, காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் புனித தோமையார். ஆண்டவர் அவரைத் துரத்தவில்லை, காயத்தைக் காட்டினார். அந்தத் தோமையார்தான் நம் நாட்டுக்கு வந்து, சென்னைப் பரங்கிமலையில் உயிர்விட்டார் என்பது நம் மரபு. சந்தேகப்பட்டவர் கையால் நற்செய்தி பெற்ற நாம், சந்தேகப்படுபவரைக் கண்டு முகம் திருப்பலாமா?

செம்பூர் இளைஞருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். தம்பி, உங்கள் நண்பரோடு தாராளமாகப் பேசுங்கள். அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். சரியானதைச் சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் அற்புதங்களை ஆதாரமாகக் காட்ட வேண்டாம். பேசி முடித்த பின் சேர்ந்து டீ குடியுங்கள். அடுத்த ஞாயிறு ஆலயத்துக்கும் வாருங்கள். அன்று உங்களுக்குப் பதில் சொல்லாமல் நின்றது என் தவறு. இந்த முறை உட்கார்ந்து பேசுவோம்.