பாசிக்கும் நோய் வரும்

கோடை முற்றியதும் ஈரி ஏரியின் மேற்குக் கரை பச்சைச் சாயம் கரைத்தது போலாகிவிடும் செய்தி அநேகமாக ஆண்டுதோறும் வருகிறது. உடனே மல்வேர்னில் எங்கள் நண்பர்கள் மத்தியில் ஒரு யோசனையும் கிளம்பும். "பாசியைக் கொல்லுற வைரசு இருக்காமே, அதை ஏரிக்குள்ள விட்டால் என்ன?"

வைரசு இருப்பது உண்மைதான். நீலப்பச்சை அல்கா என்று நாம் பாடசாலையில் படித்தது அல்காவே அல்ல. ஒளித்தொகுப்புச் செய்யும் பற்றீரியா. அதைத் தாக்கும் வைரசை 1963இல் சாபர்மன், மொரிசு என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் கழிவுநீர்க் குளமொன்றில் கண்டெடுத்தார்கள். இந்தியாவிலும் அவை கிடைத்ததை ஆர்.என்.சிங்கும் பி.கே.சிங்கும் 1967இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். நெல்வயலில் இப்பாசிகளிற் சில காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துப் பயிருக்குக் கொடுப்பவை. ஆகவே அங்கே இந்த வைரசு கமக்காரனின் எதிரி! கடலில் வாழும் சில வைரசுகளோ ஒளித்தொகுப்புக்கான பரம்பரை அலகையே தம்முடன் கொண்டு திரிகின்றன என்பது 2003இல் தெரியவந்தது. கொள்ளையடிக்க வந்தவன், தன் வேலை முடியும்வரை வீட்டு அடுப்பு அணையாமல் விறகு வைத்துக்கொண்டிருப்பதைப் போல.

ஆனால் ஏரியில் விடும் யோசனையை நான் ஏற்காததற்குக் காரணம் ரொலீடோ. ஈரிக் கரையிலுள்ள இந்த ஒகையோ நகரில் 2014 ஓகஸ்ட் 2ஆம் திகதி, குழாய்நீரைக் குடிக்கவேண்டாம் என்று அறிவித்தார்கள். நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் 4ஆம் திகதிவரை போத்தல் தண்ணீருக்கு அலைந்தார்கள். கொதிக்க வைத்தும் பயனில்லை. நீர் ஆவியாக, நஞ்சு செறிவாகும். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடித்து வளர்ந்த நமக்கு இது விளங்கக் கொஞ்சம் நேரமெடுக்கும்.

அந்த நஞ்சின் பெயர் மைக்குரோசிஸ்ரின். ஈரலைத் தாக்குவது. பாசி உயிரோடிருக்கும்போது அதிற் பெரும்பகுதி கலத்துக்குள்ளேயே இருக்கும்; வடிகட்டும்போது கலத்தோடு சேர்ந்து போய்விடும். கலம் வெடித்தால் நஞ்சு நீரில் கரைந்து மணல்வடியையும் கடந்துவிடும். பிறகு கரித்தூள் போன்றவற்றைக் கொண்டுதான் பிடிக்கவேண்டும். தெனிசி பல்கலைக்கழகத்தின் ஸ்ரீவன் வில்ஹெல்ம் உள்ளிட்ட குழு, அந்நாட்களில் எடுத்த நீர் மாதிரிகளை ஆராய்ந்து 2017இல் கட்டுரை வெளியிட்டது. பாசிகளில் வைரசுத் தொற்று மும்முரமாக இருந்ததற்கான தடயங்கள் அவற்றில் இருந்தன. கலங்களை வெடிக்கவைத்து நஞ்சை வெளியேற்றியதில் வைரசுக்குப் பங்கிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. நண்பர்கள் மருந்தென்று நினைப்பதே அன்று நிலைமையை மோசமாக்கியிருக்கலாம்.

மல்வேர்னுக்கு வரும் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியினுடையது. ஆழமும் குளிரும் கூடிய ஏரி. எனவே பதற்றம் வேண்டாம். ஆனால் நயாகராவில் விழுந்து நம் ஏரிக்கு வருவது ஈரியின் தண்ணீர்தான். ஹமில்ரன் துறைமுகத்திலும் குயின்ரி விரிகுடாவிலும் பாசி படர்வதுண்டு.

பாசிக்குத் தீனி பொசுபரசு. ஈரிக்குள் சேரும் பொசுபரசை 2008ஆம் ஆண்டின் அளவிலிருந்து 40 வீதம் குறைப்பதென 2016இல் கனடாவும் அமெரிக்காவும் இலக்கு வகுத்தன. அதிற் கணிசமான பங்கு மோமி ஆற்றோரச் சோளம், சோயா வயல்களிலிருந்து வருவது. அமெரிக்கரைக் குறைசொல்லித் தப்பவும் முடியாது. ஒன்ராறியோவின் லெமிங்டனில் தக்காளி விளையும் கண்ணாடிக் கூடங்களிலிருந்தும் உரநீர் ஓடைகளில் கலந்து அதே ஏரிக்குப் போயிருக்கிறது. அந்தத் தக்காளி நம் தமிழ்க் கடைகளிலும் விற்பனையாகிறது.