ஃபியட் வந்தால் பட்டறைக்கு என்ன வரும்?

ஃபியட் பெயர் தாங்கிய புதுக் காரின் விற்பனை இந்தியாவில் 2019-உடன் முடிந்துபோனது. விருதுநகர் மாவட்டத்துப் பட்டறைகளில் அந்தச் செய்தி பெரிதாக உறைக்கவில்லை. காரணம், ஃபியட்டின் 1248 சி.சி. மல்டிஜெட் டீசல் எஞ்சின் அப்போதும் நம் கையில்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. 2007-இல் ஸ்விஃப்ட் டீசலில் வந்தது. டிசையர், ரிட்ஸ், எர்டிகா என்று மாருதி வண்டிகளில் பரவியது. டாடாவின் விஸ்டாவிலும் மான்சாவிலும் ஏறியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோதுதான் மாருதி அதைக் கைவிட்டது. பட்டாசு ஆர்டருக்காக மாநிலம் தாண்டி ஓடும் வண்டி, ஆடிப்பெருக்கன்று வெளியான காலண்டர் ஆல்பங்களோடு ஊர் ஊராகப் போகும் ஏஜென்ட் வண்டி, சாத்தூர் நாற்கரச் சாலையில் விரையும் டிராவல்ஸ் டிசையர் என்று அந்த எஞ்சின் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

அதன் குணம் நமக்கு அத்துப்படி. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் கேட்கும் செயின் சத்தத்தை வைத்தே ஆயில் எத்தனை நாளாக மாற்றப்படவில்லை என்று சொல்லிவிடுகிற மூத்த மெக்கானிக்குகள் நம்மிடையே உண்டு. இ.ஜி.ஆர். வால்வில் அடையும் கரி, டீசலில் தண்ணீர் கலந்தால் கெட்டுப்போகும் இன்ஜெக்டர், டர்போவின் ஹோஸ் கிழிந்து ஏற்றத்தில் இழுக்காமல் நிற்கும் வண்டி என எல்லாவற்றையும் செய்து செய்தே கற்றோம். கரிசல் புழுதியில் ஓடுகிற வண்டிக்குக் கம்பெனி புத்தகம் சொல்லும் கிலோமீட்டர் வரை ஏர் ஃபில்டர் தாங்காது என்பதையும் நாமேதான் கண்டுகொண்டோம். யாரும் நம்மைக் கூப்பிட்டு வகுப்பு எடுக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் ‘ஃபியட் திரும்பி வருமா’ என்று அவ்வப்போது எழுகிற பேச்சைப் பார்க்க வேண்டும். பேச்சுக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 2021 ஜனவரியில் ஃபியட் கிறைஸ்லரும் பிரெஞ்சு பீஜோ குழுமமும் இணைந்து ஸ்டெலாண்டிஸ் ஆயின. அந்தக் குழுமத்தின் சிட்ரோயென் கார்கள் நம் மாநிலத்தில், திருவள்ளூரில் தயாராகின்றன. 2022-இல் வந்த சி3 அங்கே பிறந்ததுதான். 2024-இல் ஐரோப்பாவில் ஃபியட் அறிமுகம் செய்த கிராண்டே பாண்டா, சி3-யின் அடித்தளக் குடும்பத்தைச் சேர்ந்தது. மகாராஷ்டிரத்தின் ரஞ்சன்காவ் ஆலையோ ஃபியட் பெயரை விட்டதே இல்லை. டாடாவும் பங்குதாரராக உள்ள அந்த ஆலையில்தான் ஜீப் காம்பஸ் தயாராகிறது. ஆலை இருக்கிறது, அடித்தளம் இருக்கிறது, பெயரைப் பொறிக்க வேண்டியதுதான் பாக்கி என்று வாகன விரும்பிகள் கணக்குப் போடுவது இயல்பு. கம்பெனி முடிவெடுக்கும்போது எடுக்கட்டும். வந்தால் நம் பட்டறைக்கு என்ன வரும் என்பதுதான் நம் கேள்வி. அதை இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

முன்கதையைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி கட்டிய ஃபியட் 1100-தான் பிறகு பத்மினி ஆனது. ஸ்பேனரும் கார்புரேட்டர் கிட்டும் இருந்தால் எந்த ஊரிலும் ஓட வைக்கலாம் என்பதே அந்த வண்டியின் பலம். 1996-இல் ஊனோவுக்கு மக்கள் முண்டியடித்துப் பதிவு செய்தார்கள். குர்லாவில் வேலைநிறுத்தம் வந்தது, வண்டி கைக்கு வரத் தாமதமானது. 2001-இல் பாலியோ வந்தது. அதன் கட்டுறுதியைப் பட்டறைக்காரர்கள் இன்றும் மெச்சுவார்கள். பின்னர் விற்பனையும் சர்வீஸும் டாடா ஷோரூம்களுக்குப் போயின. 2009-இல் லீனியாவும் புன்டோவும் வந்தன. சில ஆண்டுகளில் அந்த ஏற்பாடும் பிரிந்து, ஃபியட் தனியாக டீலர்களைத் தேடியது. ஒவ்வொரு மாற்றத்திலும் வண்டி வாங்கியவர் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தவித்தார். கடைசியில் அவர் வந்து நின்ற இடம் நம் பட்டறை.

அங்கே நடந்தது என்ன? எஞ்சின் வேலை என்றால் கவலை இல்லை, ஸ்விஃப்டுக்கு வரும் சாமானே போதும். ஹெட்லைட் உடைந்தாலோ, பவர் விண்டோ ஸ்விட்ச் போனாலோ, கதவுக் கண்ணாடி நொறுங்கினாலோ கதை வேறு. சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போன் போட்டு, கிடைக்காமல் புதுப்பேட்டையில் கழற்றிய வண்டிச் சாமான் தேடி, அதுவும் அமையாமல் வண்டி மூலையில் நிற்கும். மாருதி கூரையின் கீழ் ஃபியட் எஞ்சின் வாழ்ந்தது. ஃபியட்டின் சொந்த உடம்புக்குத்தான் நாதி இல்லாமல் போனது.

பீஜோவின் கதையும் இதேதான். கல்யாணில் பிரீமியரோடு சேர்ந்து 309 காரைக் கட்டிய பிரெஞ்சுக் கம்பெனி தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கிளம்பிவிட்டது. ஆனால் அவர்களுடைய 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் மாருதியின் ஜென் டீசலிலும் எஸ்டீம் டீசலிலும் ஓடியது. அதற்கும் முன்பே அவர்களுடைய எக்ஸ்.டி.பி. எஞ்சினை மகிந்திரா ஜீப்புகளில் கண்டு பழகிய தலைமுறை நம்முடையது. 2011-இல் குஜராத்தின் சாணந்தில் ஆலை கட்டப்போவதாக அறிவித்தார்கள், கட்டவில்லை. 2017-இல் சி.கே. பிர்லா குழுமத்தோடு ஒப்பந்தம் போட்டு, அம்பாசிடர் பெயரையும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். கடைசியில் 2021-இல் சிட்ரோயென் என்ற பெயரில் வந்து இறங்கினார்கள். ஓப்பலுக்கு இப்படி வாரிசு எஞ்சின் அமையவில்லை. 2006-இல் பெயர் மறைந்தது. அஸ்ட்ராவும் கோர்சாவும் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகவே போன கம்பெனி திரும்புகிறது என்றால் பட்டறை அதைப் போன முறை விட்டுச்சென்ற விதத்தை வைத்துத்தான் எடை போடும். இதில் தயக்கம் தேவையில்லை.

ஆனால் இந்த முறை சிக்கல் சாமானோடு நிற்காது. பத்மினிக்கு ஸ்பேனர் போதும். மல்டிஜெட்டுக்கு ஸ்கேனர் வேண்டியிருந்தது, இன்ஜெக்டர் மாற்றினால் அதன் மேல் பொறித்த கோடை இ.சி.எம்.மில் ஏற்ற வேண்டியிருந்தது. சந்தையில் கிடைத்த பொது ஸ்கேனரை வைத்தே அதைச் சமாளித்தோம். இனி வருகிற வண்டியில் கதவே பூட்டியிருக்கும். ஃபியட் கிறைஸ்லர் 2018 வாக்கில் தன் கார்களில் பாதுகாப்பு கேட்வே என்ற ஒரு மாடியூலை வைக்கத் தொடங்கியது. வெளி ஸ்கேனரைச் செருகினால் ஃபால்ட் கோடைப் படிக்கலாம். கோடை அழிக்கவோ, பாகங்களை இயக்கிச் சோதிக்கவோ, புது மாடியூலைப் பொருத்திப் பதிவு செய்யவோ விடாது. கம்பெனியிடம் பதிவு செய்து, இணையம் வழியாக அனுமதி பெற்று, அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும். வண்டித் திருட்டையும் இணையத் தாக்குதலையும் தடுக்கத்தான் இது என்றது கம்பெனி. அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. சாவியில்லாமல் காரை எடுத்துச் செல்லும் காலம் இது.

இதற்கு ஐரோப்பாவில் என்ன நடந்தது என்பதை நம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியின் ஏ.டி.யு. என்ற பட்டறைச் சங்கிலியும் கண்ணாடி மாற்றும் கார்கிளாஸ் நிறுவனமும் இத்தாலிய ஃபியட் கம்பெனி மீதே வழக்குத் தொடுத்தன. கொலோன் நீதிமன்றம் கேள்வியை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2023 அக்டோபர் 5 அன்று தீர்ப்பு வந்தது. சட்டத்தில் சொல்லாத நிபந்தனையைக் கம்பெனி தன் இஷ்டத்துக்குச் சேர்க்க முடியாது, வண்டியின் ஓ.பி.டி. துவாரம் வழியே தகவலை எடுக்கத் தனிப் பட்டறை தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், கம்பெனி சர்வரோடு இணைய வேண்டும் என்றெல்லாம் கட்டாயப்படுத்த முடியாது என்பதே அதன் சாரம். பாதுகாப்பு வேண்டுமென்றால் அதைச் சட்டம் சொல்லும் வழியில் செய்து கொள்ளலாம். பட்டறையைப் பூட்டி வைத்துச் செய்ய முடியாது.

அந்தச் சட்டம் நேற்று முளைத்ததல்ல. 2007-இலேயே பழுதுபார்ப்புத் தகவலைத் தனிப் பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி வகுத்தது. 2020 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள புதிய விதி அதை இன்னும் இறுக்கியது. நியாயமான கட்டணம் வாங்கலாம், மறுக்க முடியாது. டூரினிலோ மிலானிலோ ஒற்றை ஆள் நடத்தும் பட்டறைக்கும் இந்த உரிமை உண்டு. அதே கம்பெனி சிவகாசிக்கு வண்டி விற்க வரும்போது அந்த உரிமையையும் வண்டியோடு கொண்டு வரட்டும் என்று நாம் கேட்பதில் என்ன தவறு?

நம் நாட்டில் இதற்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகத்தையும் டயக்னாஸ்டிக் கருவியையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. அந்தப் பதினான்கில் ஃபியட்டும் ஒன்று. ஆணையை எதிர்த்துக் கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. விவகாரம் வருடக்கணக்கில் நீண்டது. 2022-இல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அந்த ஆண்டு இறுதியில் இணையதளமும் திறந்தது. வாகனத் துறை அதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் கம்பெனிகள் அதில் சேருவது அவரவர் விருப்பம். விருப்பத்தை நம்பிப் பட்டறை நடத்த முடியாது. சட்டம் வேண்டும்.

சிறு தொழிலுக்குச் சட்டம் கை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். 1923-இல் ஸ்வீடன் கம்பெனி விம்கோ என்ற பெயரில் இயந்திரங்களோடு தீப்பெட்டித் தொழிலுக்கு வந்தது. அதே காலத்தில்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுச் சிவகாசிக்குத் திரும்பினார்கள். பிறகு வந்த கலால் வரி, சிறு உற்பத்தியாளருக்குக் குறைவாகவும் பெரிய ஆலைக்குக் கூடுதலாகவும் இருந்தது. நம் மக்களின் உழைப்போடு அந்த வித்தியாசமும் சேர்ந்துதான் சிவகாசித் தீப்பெட்டியை நிறுத்தியது. விம்கோ 2005-இல் ஐ.டி.சி. கைக்குப் போய்விட்டது.

ஃபியட்டோ வேறு எந்த ஐரோப்பியப் பெயரோ திரும்புகிறபோது அவர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. விற்பனை நின்றால் அதன் பிறகு எத்தனை ஆண்டு சாமான் தருவீர்கள்? குறிப்பாக எஞ்சின் அல்லாத சாமான். கேட்வேயைத் திறக்கத் தனிப் பட்டறைக்கு என்ன வழி, என்ன கட்டணம்? வயரிங் படம் தமிழ்நாட்டில் ஒரு பட்டறை வாங்கக்கூடிய விலையில் கிடைக்குமா? எஞ்சினில் டைமிங் செயினா, ஆயிலில் நனையும் பெல்ட்டா? இந்தக் கடைசிக் கேள்வியை அற்பமாக நினைக்க வேண்டாம். இதே குழுமத்தின் பியூர்டெக் பெட்ரோல் எஞ்சினில் ஆயில் பெல்ட் சிதைந்து ஐரோப்பாவில் பெரும் புகார் எழுந்தது, வாரண்டியைப் பத்து ஆண்டுக்கு நீட்ட வேண்டியதாயிற்று. நாற்பது டிகிரி வெயிலில் ஏ.சி. போட்டு ஓடும் ஊருக்கு எந்த எஞ்சின் வருகிறது என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

நம் பலத்தையும் நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. ராஜபாளையத்திலோ அருப்புக்கோட்டையிலோ ஒருவர் கார் வாங்கும் முன், ‘அண்ணே, இந்த வண்டி எடுக்கலாமா?’ என்று கேட்பது தன் மெக்கானிக்கைத்தான். செகண்ட்ஸில் அந்த வண்டி என்ன விலைக்குப் போகும் என்பதையும் பட்டறையின் வாய்ச்சொல்தான் பாதி தீர்மானிக்கிறது. விளம்பரத்துக்குக் கோடிகள் செலவழிக்கும் கம்பெனி, ஒரு மாவட்டத்தின் முந்நூறு பட்டறைகளுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் அதைவிடப் பலன் கிடைக்கும் என்பதே நம் கருத்து.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. தனித்தனியாகப் பொது ஸ்கேனர் வாங்கிக் கடனில் மூழ்குவதை விட, நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரு நல்ல கருவி வாங்கி, ஒரு பையனை அதற்கென்றே தயார் செய்யலாம். ஐ.டி.ஐ. முடித்து வருகிற பிள்ளைகளுக்கு எஞ்சின் இறக்கத் தெரிகிறதோ இல்லையோ, மல்டிமீட்டரும் வயரிங் படமும் பழக வேண்டும். பாதுகாப்புக்கான பதிவைக் கட்டாயமாக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னாலும், நாம் யார், எந்த வண்டியில் என்ன கோடு அழித்தோம் என்ற பதிவேட்டை நாமே ஒழுங்காக வைத்திருந்தால் திருட்டுப் பயத்தைக் காட்டிக் கதவைப் பூட்டும் வாதம் வலுவிழக்கும்.

அதற்கு முதல் படியாக, வாசகர்கள் ஒவ்வொருவரும் கடந்த ஓராண்டில் சாமான் கிடைக்காமலோ ஸ்கேனர் திறக்காமலோ தம் பட்டறையில் முடங்கிய வண்டிகளின் விவரத்தை எழுதி அனுப்புங்கள். மாடல், ஆண்டு, எந்தச் சாமான், எத்தனை நாள் காத்திருப்பு, கடைசியில் எங்கே கிடைத்தது, இவை போதும். வாடிக்கையாளர் பெயரும் வண்டி எண்ணும் வேண்டாம். விவரங்களைத் தொகுத்து நுகர்வோர் துறைக்கும் திருவள்ளூர் ஆலைக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப இவ்விதழ் தயாராக இருக்கிறது. தீபாவளி நெருக்கடி தொடங்குமுன் அனுப்பிவிட்டால் நமக்கும் வசதி.