அளந்தறிவோம்

உயர் இரத்த அழுத்தம் முதியோர்க்கே உரிய நோய் என இளைஞர் எண்ணுவது பிழை. வலியின்றி ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றைச் சிதைப்பது அதன் இயல்பு. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால், இன்று கடையநல்லூர் உள்ளிட்ட தமிழக ஊர்களில் மாத்திரை வீடு தேடி வருகிறது. ஆயினும், நோய் கண்டறியப்பட்டவர்க்கே மாத்திரை. ‘எனக்கென்ன குறை’ என்றிருக்கும் இளைஞர்க்கு அது எவ்வாறு பயன்படும்?

எனவே, பதினெட்டு வயது நிறைந்தோர் ஆண்டுக்கொருமுறையேனும் இரத்த அழுத்தத்தை அளந்தறிதல் வேண்டும். மீண்டும் மீண்டும் அளந்தும் 140/90 அளவிற்குக் குறையாதெனில், மருத்துவரை நாடுவதே அறிவுடைமை. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைப்போம், நாள்தோறும் நடப்போம், புகையையும் மதுவையும் விலக்குவோம். உடல் முறையிடும்வரை காத்திராமல், நலமாய் இருக்கும்போதே அளந்தறிவதே இளமைக்கு அழகு.