வினாவும் விடையும் அரங்கிலே

நாடகம் எழுதப் புகும் மாணவர் பலரின் பிரதிகளைப் படிக்கையில் ஒரு குறை எனக்குத் தோன்றுகின்றது. பாத்திரங்கள் தம் உள்ளக்கிடக்கை முழுவதையும் சொல்லிவிடுகின்றன. வினாவுக்கு நேர்விடை உடனே கிடைக்கின்றது. உரையாடல் வழுவற்றது, ஆயினும் உயிரற்றது.

அன்ரன் செக்கோவின் 'செரித் தோட்டம்' 1904இல் மொஸ்கோ கலை அரங்கில் முதன்முதல் மேடையேறிற்று. அதன் இறுதி அங்கத்தில், வார்யாவை மணம் பேச லோபாகின் இசைந்து நிற்கிறான். அவள் வந்து, பயணமூட்டைகளிடையே எதையோ தேடுகிறாள். இனி எங்கே போவாய் என்கிறான். வேறொரு குடும்பத்தின் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு என்கிறாள். பின்பு அவன் குளிரைப் பற்றிப் பேசுகிறான். தான் பார்க்கவில்லை, வெப்பமானியும் உடைந்துவிட்டது என்கிறாள் அவள். வெளியே யாரோ அழைக்க, அதற்கே காத்திருந்தவன்போல் விரைந்து போய்விடுகிறான். அவள் நிலத்தில் அமர்ந்து விம்முகிறாள். திருமணம் என்ற சொல் அங்கே எழவேயில்லை. அது இனி நிகழாதென்பதோ அவையோர்க்கு விளங்கிவிடுகின்றது.

எவ்வாறு விளங்கிற்று? ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் போல் கிறைஸ் 1967இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதற்கு விளக்கமுண்டு. உரையாடுவோர் அளவறிந்தும், உண்மையாகவும், பொருத்தமாகவும், தெளிவாகவும் பேசுவரென நாம் எதிர்பார்க்கிறோம். அவ்விதி மீறப்படுவதாகத் தோன்றும்போது, பேச்சை வீணென ஒதுக்காது உட்பொருளைத் தேடுகிறோம். மணப்பேச்சை எதிர்பார்த்த இடத்தில் குளிர்ப் பேச்சு பொருந்தாது. லோபாகின் வார்யாவுக்கு எதையும் உணர்த்த எண்ணினானோ இல்லையோ, அப்பொருந்தாமையால் செக்கோவ் நமக்கு உணர்த்திவிடுகிறார்.

நம் இலக்கணத்துக்கும் இது புதிதன்று. நன்னூலார் விடையை எட்டாக வகுத்தார். சுட்டு, மறை, நேர் என்பன வெளிப்படையானவை. ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவதுகூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பால் விடையாவன. 'சந்தைக்குப் போவாயா?' என்பவனிடம் 'காலில் முள் குத்திவிட்டது' என்றால், அது மறுப்பே.

வகுப்பறையிலோ இவ்வைந்தும் பரீட்சைக்கான மனனத்தோடு முடிந்துவிடுகின்றன. ஆசிரியர்களை நான் வேண்டுவது இதுதான்: மாணவர் எழுதிய காட்சியொன்றை எடுத்து, அதன் நேர்விடைகளுள் இரண்டொன்றை இவ்வகைகளில் மாற்றி எழுதச் செய்யுங்கள். எல்லாவற்றையும் மாற்றவேண்டாம், அது விடுகதையாகிவிடும். விதி நிலைபெற்ற இடத்திலேயே மீறல் பொருள் தரும். சொல்லாது விட்டதைத் தாமே உணர்ந்துகொள்ளும் ஆற்றல் நம் அவையோர்க்கு உண்டு; அவர்களை நம்பி எழுத இளைஞர் பழகவேண்டும்.